இரண்டு தட்டினால் போக வேண்டும்

ஆழ்வார்ப்பேட்டை சிக்னலைத் தாண்டிய பிறகுதான் கறுப்புச் சட்டையைக் கழற்றாமலே வந்துவிட்டேன் என்பது உறைத்தது. என் சட்டை அபிராமபுரத்தில், அந்த ஸ்டூடியோவின் திரைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. இப்படி நடந்த இடங்களில் எல்லாம் செருப்பு, சாப்பாட்டுத் தூக்கு, ஒரு முறை நல்ல கம்பளிப் போர்வை என்று எதையாவது விட்டுத்தான் வந்திருக்கிறேன். எடுக்கப் போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

அன்று என்னிடம் இருந்த பதில் மோசமானது. அரை மணி நேரத்துக்கு முன்னால், தரையில் படுத்திருந்த ஒரு பெண்ணின் தலைமுடி மேல், என்னைப் போல இரண்டு மடங்கு கனமுள்ள ஓர் இயந்திரத்தை ஏற்றி நிறுத்தியிருந்தேன். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் தலை. அவர் நடனக்காரர். இயந்திரம் தன்னைப் பார்த்துத் தானாக நகர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். அதை நகர்த்தியது நான். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நானும், அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்த இன்ஜினியரும். அன்று வியாழக்கிழமை. நிகழ்ச்சி சனிக்கிழமை.

மூன்று வாரத்துக்கு முன்னால் தரமணியில் ஒரு டெம்போவுக்கு லோடு ஆளாகப் போயிருந்தேன். கண்ணாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியை ஏற்றி அபிராமபுரத்தில் இறக்க வேண்டும். கூடவே ஓர் இளைஞர் பைக்கில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் தூக்கமின்மை. அவர்தான் இன்ஜினியர். ஸ்டூடியோ இருந்த சந்தில் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மூடாத கால்வாய். டெம்போ பின்னோக்கித்தான் உள்ளே போக முடியும்.

லோடு வண்டியில் டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. கூட வருகிறவன்தான் அவருக்குக் கண். தெரு இரைச்சலில் கத்தினால் கேட்காது என்பதால் வண்டியின் உடம்பைக் கையால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். இரண்டு தட்டு என்றால் போக வேண்டும். பஸ் கண்டக்டரின் விசிலுக்கும் இதுதான் கணக்கு. நான் ஆறு வருடம் லாரியில் கிளீனராக இருந்தவன். பிறகு டிரைவர் அசந்த நேரங்களில் ஓட்டவும் செய்தேன். தட்டியும் பழக்கம், தட்டலைக் கேட்டு ஓட்டியும் பழக்கம். அந்தக் கணக்கு காதில் விழுந்து மூளைக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வருவதில்லை. காதிலிருந்து நேராகக் கைக்குப் போய்விடும்.

டெம்போ உள்ளே போனதும் இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

"பாஸ், அந்தச் செவுத்துக்கும் வண்டிக்கும் எவ்ளோ கேப் இருந்துச்சு?"

"நாலு விரல் சார்."

அவர் போய்ப் பார்த்தார். தன் விரல்களை மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். திரும்பி வந்து, "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிருக்கீங்களா?" என்றார்.

"மாதவரத்துல ஒரு குடோன்ல கொஞ்ச நாள் ஓட்டினேன்."

"வீடியோ கேம்?"

"அதெல்லாம் இல்ல சார்."

"பரவால்ல. கத்துக்கலாம்."

மறுநாள் காலை அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விளையாட்டு ரிமோட். இரண்டு கட்டைவிரலாலும் தள்ள இரண்டு குமிழ்கள். பெட்டிக்குள் இருந்தது ஒரு வெள்ளை இரும்புக் கை; தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு, விரல் மட்டும் இல்லை. அதைச் சக்கரம் வைத்த ஒரு பீடத்தின் மேல் நிறுத்தியிருந்தார்கள். கை எப்படி மடங்க வேண்டும், நீள வேண்டும் என்பதெல்லாம் முன்பே பதிவாகியிருந்தது. எப்போது கிட்டே போக வேண்டும், எவ்வளவு கிட்டே, எப்போது விலக வேண்டும் என்பதை இடது குமிழால் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இது மேடத்தப் பாத்துத் தானா நகரணும். அதான் ஐடியாவே. அதோட முன்பக்கத்துல ஒரு கண்ணு வெச்சிருக்கேன், சென்சார். சும்மா வெளிச்சத்துல நல்லா வேலை செய்யுது. மேடைல சிவப்பு லைட்டு போட்டா குழம்பிடுது. வேற ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன், வந்துரும். அது வரைக்கும் நீங்க."

"மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"தெரிஞ்சா அவங்க ஆடறதே மாறிடும் பாஸ். மெஷின் நம்மளக் கவனிக்குதுன்னு நம்பி ஆடறாங்க. அந்த நம்பிக்கைதான் ஷோ. உங்கள கேபிள் பாக்கறவர்னு சொல்லிருக்கேன். ஒயர் சிக்காம பாத்துக்கறவர்."

அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. படித்தவர் ஒருவர் செய்த இயந்திரத்துக்கு ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத நான் எதற்கு? ஏன் பின்வாசல் வழியாக வரச் சொல்கிறார்? கறுப்புச் சட்டை எதற்கு? ஆனால் கேள்வி கேட்டால் வேலை போய்விடுகிற இடங்களில்தான் நான் அதிகம் வேலை பார்த்திருக்கிறேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டே வேலையைச் செய்கிற பழக்கம் உண்டு. செய்தேன்.

கறுப்புத் திரைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல். திரையில் கண் உயரத்துக்கு ஒரு கிழிசல். அதன் வழியாகத்தான் நடனக்காரரை நான் மூன்று வாரம் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர். இடது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. முடி இடுப்புக்குக் கீழே வரும். இந்த நடனத்துக்காக விரித்துப் போட்டிருப்பார். மயிலாப்பூரில் மாலை வேளைகளில் பரதநாட்டியம் சொல்லித்தருகிறவர் என்று தெரியும், ஆனால் இங்கே அவர் செய்தது அது இல்லை. சலங்கை இல்லை, முத்திரை இல்லை. பத்து நிமிடம் ஒரு தோள் மட்டும் அசையும். பிறகு திடீரென்று விழுவார். விழுகிறவரைப் பார்த்து முதல் நாள் நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. ஒரு வாரத்தில் வேறு விதமாகப் புரிந்தது. திரும்புவதற்கு முன் அவருடைய வலது குதிகால் மயிரிழை தூக்கும். ஓடி வரப் போகிறார் என்றால் முதலில் மூச்சை விடுவார். லாரியில் எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் ஒடிக்கப் போகிறது என்பதை அதன் முன்சக்கரம் சொல்லிவிடும் அல்லவா, அது போல. குதிகாலைப் பார்த்து நான் குமிழைத் தள்ளுவேன். இயந்திரம் அவருக்கு முன்பே தயாராக இருக்கும்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, ஒத்திகை முடிந்து அவர் துண்டால் அந்த இரும்புக் கையைத் துடைத்துக்கொண்டே, "இவன் இன்னிக்கு என்ன நன்னாக் கேட்டுண்டான் பாருங்கோ" என்றார்.

இன்ஜினியர் ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். நான் திரைக்குப் பின்னால் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாராட்டு என் பேரில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்தால் அவர், "சாப்ட்டாச்சா? ஒயரெல்லாம் காலைத் தடுக்காம பாத்துக்கோங்கோ" என்பார். அவ்வளவுதான். சில சமயம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை திரையின் கிழிசலில் வந்து நின்று போகும். தெரிந்துகொண்டாரோ என்று நினைப்பேன். தெரிந்துகொண்டுதான் நடிக்கிறாரோ என்றும் நினைப்பேன். அந்த அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான்காவதாக இன்னொருத்தி இருந்தாள். இசைக்காரி. பட்டினப்பாக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அம்மா மீன் விற்கிறவர். இவள் ஒரு லேப்டாப்பும், கட்டம் கட்டமாக விளக்கு எரிகிற ஒரு பலகையும் வைத்துக்கொண்டு இசை செய்வாள். கையில் ஒரு ரெக்கார்டரோடு ஊர் சுற்றுவாள். படகு இஞ்சின், ஐஸ் உடைக்கிற சத்தம், மெட்ரோ ரயில் கதவு மூடுகிற சத்தம் என்று பிடித்து வந்து, வெட்டி, நீட்டி, அடியில் ஒரு தாளம் போடுவாள். முதலில் மிக்ஸி கெட்டுப்போன மாதிரி இருக்கும். கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் அதிரும்.

சந்து முனை டீக்கடையில் அவள்தான் என்னிடம் பேசுவாள்.

"இன்னாண்ணா, அந்த ஒயர இவ்ளோ நேரம் பாக்குற? அது இன்னா எய்ந்து ஓடிப் பூடுமா?"

"வேலை அதுதானே."

"நான் டீ குடிக்க கூப்ட்டா கூட வர மாட்டேன்ற. ஒயருக்குக் கோவம் வந்துரும் போல."

அவளோடு அதிகம் பேச வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அவர் ஒரு தாளில் என் கையெழுத்து வாங்கினார். இங்கிலீஷ் தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வாங்கிக்கொண்டார். என்னிடம் தந்த நகலை மறுநாள் அவளிடம் காட்டினேன்.

அவள் படித்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ண்ணா, மெஷின் ஓடறப்ப யாருக்கு அடிபட்டாலும் நீதான் பொறுப்புன்னு போட்டுகீது. ஒயரு பாக்குற ஆளுக்கு இது இன்னாத்துக்கு?"

"தெரியலம்மா."

"தெரியலயா, சொல்ல மாட்டியா?"

அவள் என் முகத்தைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் புதுச் சத்தங்கள் கொண்டு வந்திருந்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, நான் ஒயர் பார்க்கிறவன். நடனத்தின் கடைசிப் பகுதி. நடனக்காரர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுப்பார். முடி பின்னால் தரையில் பரந்து கிடக்கும். இயந்திரம் மூன்று முழத் தூரத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அவர் எழுகிற வரை. கண்ணால் பார்க்காமல் அது இருப்பதை உணர்வதுதான் அந்த இடத்தின் விஷயம் என்று அவர் சொல்லுவார். சிவப்பு விளக்கு. எனக்கு வேலையே இல்லாத இரண்டு நிமிடம். கட்டைவிரல் சும்மா குமிழின் மேல் இருந்தது.

ஸ்பீக்கர் என் தலைக்குப் பக்கத்தில். அதிலிருந்து, தகரத்தின் மேல் உள்ளங்கை விழுகிற சத்தம். டப், டப்.

என் கட்டைவிரல் போய்விட்டது.

நான் தள்ளவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன். இரண்டு தட்டு கேட்டது, வண்டி கிளம்பியது. கிழிசல் வழியாகச் சக்கரம் உருளுவதைப் பார்த்த பிறகுதான் அதை ஓட்டுவது என் கை என்று தெரிந்தது. இழுத்தேன். அதற்குள் சக்கரம் அவருடைய முடியின் மேல் ஏறி நின்றுவிட்டது.

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அலறவில்லை.

"யாரும் கிட்ட வராதீங்கோ. அதைத் தொடாதீங்கோ" என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் குமிழை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுத்தேன். சக்கரம் இறங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து முடியை முன்னால் வாரிப் போட்டுக்கொண்டார்.

"நான் அசையவே இல்லையே. அது ஏன் வந்தது?"

"லேக் மேடம், சிக்னல் லேட்டாப் போயிருக்கும். வைஃபை ட்ராப் ஆயிருக்கும்" என்றார் இன்ஜினியர்.

"வைஃபை போனா நிக்கும்னு சொன்னேளே. வரும்னு சொல்லலையே."

இன்ஜினியர் இசைக்காரியின் பக்கம் திரும்பினார். "புதுசா எதாவது சேத்தியா?"

"ஆமா. மந்தவெளில பஸ்ஸத் தட்டுற சத்தம். நேத்து எடுத்தது. அதுக்கு இன்னா?"

"அது சிக்னல டிஸ்டர்ப் பண்ணிருக்கும்."

"இன்னா சார் பேசற? ஸ்பீக்கருக்கும் உன் மெஷினுக்கும் ஒரு நூலு கூட கனிக்சன் கெடையாது. வந்து எம்மேல தள்ற பாத்தியா."

நடனக்காரர் அவளைப் பார்த்தார். "அந்தத் தட்டுச் சத்தம் கேட்டவுடனேதான் அது நகர்ந்தது. எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு நீ வர வேண்டாம். இருக்கற பாட்டை அனுப்பிச்சா போதும். அப்பறம் யோசிச்சுக்கலாம்" என்றார்.

அவள் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

இன்ஜினியர் திரைக்குப் பின்னால் வந்து காதோடு, "என்ன பாஸ் பண்ணீங்க?" என்றார்.

"தட்டுச் சத்தம் கேட்டுது சார். கை போயிடுச்சு."

அவருக்கு அது புரியவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் ரிமோட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நான் பின்வாசல் வழியாக நடந்தேன்.

எல்டாம்ஸ் ரோடு வழியாகத் தேனாம்பேட்டை வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. தி.நகரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, ஆறு பேர் தங்குகிற அறையில் என் பை இருந்தது. பையை எடுத்துக்கொண்டால் கோயம்பேடு. அங்கிருந்து ஏதாவது ஓர் ஊர். கணக்கு எளிது. அண்ணா சாலையைக் கடக்கச் சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. கூட்டம் போனது. நான் போகவில்லை.

நான் போனால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். இன்ஜினியர் தரமணியிலிருந்து இன்னொருவனைக் கொண்டு வருவார். அவன் என்னை விடக் கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் அந்த வலது குதிகால் அவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு நாளில் தெரிந்துகொள்ளவும் முடியாது. பழியைப் பஸ் சத்தத்தின் மேல் போட்டாகிவிட்டது. சத்தத்தை எடுத்தாயிற்று, இனி ஆபத்தில்லை என்று நடனக்காரர் நம்புவார். சனிக்கிழமை சிவப்பு விளக்கில் அதே இடத்தில் முதுகைக் காட்டிப் படுப்பார். இதில் எங்கேயும் என் பெயர் வராது. வந்தாலும் அந்தத் தாளில் வரும்.

நல்லவனாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பவில்லை. அவர் "தொடாதீங்கோ" என்று சொன்ன குரல் காதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். பயந்தவர் குரலாக இருந்தால் மறந்திருப்பேன். இயந்திரத்திடம் பேசுகிறவர் போல நிதானமாகச் சொன்னார்.

அவர் வீடு எனக்குத் தெரியும். ஒரு முறை ஸ்பீக்கர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியின் தரைத்தளம். நான் போனபோது வகுப்பு முடிந்து, வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டிருந்தன. முன்னறையில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால், நடனம் சொல்லித்தருகிறவர்கள் தாளம் போடும் மரக்கட்டை, கையில் தட்டுக்கழி. முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார்.

"நீங்களா? ஒயர் ஏதாவது வேணுமா?"

"இல்ல மேடம். அந்த மெஷின் தானா ஓடல. நான்தான் ஓட்டறேன். திரைக்குப் பின்னாடி உக்காந்து."

எல்லாவற்றையும் சொன்னேன். ரிமோட், கிழிசல், சிவப்பு விளக்கு, சென்சார், கையெழுத்துப் போட்ட தாள். முடித்ததும், "யார் அனுப்பிச்சா உங்களை?" என்றார்.

"யாரும் அனுப்பல."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடக் கூடாதேன்னு சொல்றேளா? ரெண்டு பேரும் டீக்கடையில நின்னுண்டு பேசறதைப் பார்த்திருக்கேன்."

"அதுக்கு இல்ல மேடம்."

"இல்லேன்னா அந்த இன்ஜினியரே அனுப்பிச்சிருப்பார். மெஷின் தப்புன்னா மூணு வருஷ உழைப்பு போச்சு. ஆள் தப்புன்னா ஆளை மாத்தினாப் போறும்."

நான் இப்படி யோசித்திருக்கவில்லை. சந்தேகப்படுவதில் நான் தேறியவன் என்று நினைத்திருந்தேன். இவர் என்னைத் தாண்டி இரண்டு தெரு போய் நின்றார்.

"கேபிள்காரர் மெஷினை ஓட்டினார்னு வெச்சுக்கறேன். அந்தச் சத்தத்துக்கு ஏன் ஓட்டினேள்?"

தட்டுக் கணக்கைச் சொன்னேன். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. சொல்லும்போது எனக்கே அது சாக்குப் போலத்தான் கேட்டது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை. "உக்காருங்கோ. தண்ணி குடிக்கறேளா? எந்த ஊர் நீங்க?"

"அரக்கோணம் பக்கம் மேடம். அப்பா கூட்ஸ் ஷெட்ல மூட்டை..."

டக், டக். தட்டுக்கழி கட்டையில் விழுந்தது.

முழங்கால் மேல் சும்மா கிடந்த என் இடது கையின் கட்டைவிரல் முன்னால் போய் வேட்டியை அழுத்தியது. டக். ஒரு தட்டு. நின்றது.

நான் என் கையைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுக்கழியைக் கீழே வைத்தார். உள்ளே எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"போன வாரம் எனக்கு இருமல் வந்ததே, ஞாபகம் இருக்கா? ஓடி வந்துண்டு இருக்கச்சே இருமினேன். மெஷின் நின்னுது. இருமலுக்கெல்லாம் அதுல ஒண்ணும் கிடையாதேன்னு தோணித்து. ஆனா கேக்கலை."

"ஏன் மேடம்?"

"கேட்டா, அது என்னைக் கவனிக்கலேன்னு ஆயிடுமோன்னுதான்."

அதற்குப் பிறகு கோபம் வந்தது. குரல் ஏறவில்லை, வார்த்தைகள்தான் ஒவ்வொன்றாக வந்தன. "ஒரு மனுஷன் ஒளிஞ்சுண்டு கையில அதை வெச்சுண்டு இருக்கான்னு தெரிஞ்சா நான் முதுகைக் காட்டிண்டு படுத்திருப்பேனா?"

"மாட்டீங்க."

"மூணு வாரம்."

"ஆமா மேடம்."

"இன்னிக்கு மட்டும் ஏன் வந்தேள்?"

"நான் போயிட்டா வேற ஆளப் போடுவாங்க. அவனுக்கு உங்க குதிகால் தெரியாது."

அவர் என்னை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். தன் வலது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். "காலம்பற எட்டு மணிக்கு ஸ்டூடியோவுக்கு வாங்கோ. ஓடிப் போயிடாதீங்கோ. அந்தத் தாளையும் எடுத்துண்டு வாங்கோ" என்றார்.

எதற்குத் தாள் என்று அறைக்குத் திரும்பும் வரை யோசித்தேன். போலீஸுக்காகவும் இருக்கலாம். காலையில் எழுந்ததும் பையைக் கட்டிவிட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அபிராமபுரத்துக்குப் போனேன், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கத் தோதாக.

போலீஸ் இல்லை. திரை கழற்றப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. என் ஸ்டூல் வெட்டவெளியில் தனியாக நின்றது. இன்ஜினியர் என் கண்ணைப் பார்க்காமல், "போட்டுக் குடுத்துட்டீங்களே பாஸ்" என்றார். நடனக்காரர் தாளை வாங்கி, படித்து, அவரிடம் நீட்டினார். "இதையும், உங்ககிட்ட இருக்கறதையும் நீங்களே கிழிச்சுடுங்கோ." அவர் தன் பையிலிருந்து அசல் தாளையும் எடுத்து, இரண்டையும் கிழித்தார்.

இசைக்காரியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"அப்ப நீதான் அந்த ஒயரா? ராத்திரி பூரா சிக்னலு எங்கேந்து லீக் ஆவுதுன்னு தேடிக்கினு இருந்தேண்ணா. கடசில பாத்தா லீக்கு லாரி செட்ல கீது."

"தப்புதாம்மா."

"தப்பு இன்னா தப்பு. என்ன வூட்டுக்கு அனுப்ச்சாங்களே, அப்ப நீ வாயத் தொறந்தியா?"

திறக்கவில்லை. அவள் லேப்டாப்பைத் திறக்கப் போய்விட்டாள்.

நடனக்காரர் சிவப்பு விளக்கைப் போடச் சொன்னார். இன்ஜினியர் இயந்திரத்தை அதன் சொந்தக் கண்ணின் பொறுப்பில் விட்டார். நடனக்காரர் அதற்கு நேரே போய் நின்றார். அது வந்தது. நிற்கவில்லை. அவர் கடைசி நிமிடத்தில் பக்கவாட்டில் விலகினார்; அது அவர் நின்ற இடத்தைக் கடந்து சுவரை நோக்கிப் போனது. இன்ஜினியர் ஓடிப்போய் நிறுத்தினார்.

"குருடு" என்றார் நடனக்காரர்.

பிறகு அவர்கள் மூவரும் பேசி முடிவுக்கு வந்தார்கள். இயந்திரம் ஒரே பாதையில், ஒரே நேரக் கணக்கில் போகும். தரையில் சாக்பீஸால் பாதை வரைந்தார்கள். அது நடனக்காரரைக் கேட்காது. அவர்தான் அதைக் கேட்டு ஆட வேண்டும். பார்க்க வருகிறவர்களிடம் அதையே சொல்லப் போவதாகச் சொன்னார். இன்ஜினியருக்கு அதில் மனம் இல்லை என்பது அவர் சாக்பீஸைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"இவர்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"நிறுத்தறதுக்கு" என்றார் நடனக்காரர். என்னிடம் திரும்பி, "ஓட்ட வேண்டாம். நிறுத்தினாப் போறும். மேடையிலேயே, எல்லாரும் பாக்கற மாதிரி உக்காருங்கோ. செய்வேளா?"

என்னைக் காட்சிப் பொருளாக வைக்கப் போகிறாரோ என்று தோன்றியது. இன்னும் என்னை நம்பாமல், கண்ணெதிரே வைத்துக்கொள்ள நினைக்கிறாரோ என்றும் தோன்றியது. இரண்டாவது நியாயம்தான். பையைக் கழற்றி மூலையில் வைத்தேன்.

இன்ஜினியர் ஒரு சிவப்புப் பட்டனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அழுத்தினால் இயந்திரம் நின்றுவிடும் என்றார். ஓட விடச் சொல்லி அழுத்திப் பார்த்தேன். நின்றது. மறுபடி ஓட விடச் சொன்னேன். அழுத்தினேன். நாலு விரல் தூரம் போய் நின்றது.

"அது லேக் பாஸ். அவ்ளோ இருக்கும்."

மூன்றாம் முறை பார்க்கவில்லை. இயந்திரத்துக்குப் போகிற மின்சார ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை நடந்தேன். ஜன்னலுக்குக் கீழே பெரிய பிளக் பாயிண்ட், பக்கத்தில் சுவிட்ச். ஸ்டூலை அங்கே இழுத்துப் போட்டேன்.

"அப்படி நேரா கட் பண்ணா உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு போயிடும் பாஸ்" என்றார் இன்ஜினியர்.

"போகட்டும் சார்."

அவர் நடனக்காரரைப் பார்த்தார். நடனக்காரர் முடியை அவிழ்த்து விரித்து, சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தார். இசை ஆரம்பித்தது. இயந்திரம் கிளம்பியது. நான் சிவப்புப் பட்டனைத் தரையில் வைத்துவிட்டு, விரலைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.